ஐந்து பிள்ளைகள் கொடுத்ததும் என் எலும்பும்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர் என் தங்கை பெற்று என்னிடம் விட்டுப் போனவர்கள். சோற்றிலும் அடியிலும் ஐந்து பேருக்கும் நான் வித்தியாசம் பார்த்ததில்லை. ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

நான் சொல்லப் போவது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்போது மைசூர் என்.ஆர். மொஹல்லாவில் ஒரு இரண்டு அறை வீட்டில் வாடகைக்குத் தனியாக இருந்தேன். என் புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் முப்பத்தோரு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் பார்ப்பேன், அவ்வளவுதான். ஆனால் உடம்பு இரும்பு. எழுபது வயது வரைக்கும் ஒரு ஊசி போட்டுக்கொண்டதில்லை என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லுவேன். கேட்காதவர்களிடமும் சொல்லுவேன்.

என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், இயேசு படத்துக்குக் கீழே, நான்கு பாட்டில்கள் வரிசையாக நிற்கும். பெரிய மகன் துபாயிலிருந்து அனுப்புவது மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை, மஞ்சளாகக் கண்ணாடி மணி மாதிரி இருக்கும். மகள் வெளிநாட்டில் நர்ஸ். அவள் அனுப்புவது வயதானவர்களுக்கான சத்து மாத்திரை. சின்ன மகன் இங்கே மைசூரிலேயே ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவன் கண்ணுக்கு நல்லதென்று ஒன்று வாங்கித் தருவான். தங்கை மகள் பெங்களூரில் டீச்சர். எனக்கு முடி கொட்டுகிறது என்று கேள்விப்பட்டு முடிக்கும் தோலுக்கும் ஒன்று அனுப்பினாள். தங்கை மகன் சரக்கு வண்டி ஓட்டுகிறான். மற்றவர்கள் மாதிரி பாட்டில் வாங்க அவனுக்கு வராது. அவன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் மார்க்கெட்டிலிருந்து ஆட்டு ஈரல் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவான். புதன்கிழமையும் வருவான்.

"பெரிம்மா, எளசு ஈரல். ரத்தம் ஊறும். மொளகு தூக்கலாப் போட்டு வறுத்துச் சாப்பிடுங்க. மிச்சம் வச்சீங்கன்னா எனக்குக் கோவம் வரும்" என்பான்.

நான் மிச்சம் வைத்ததில்லை. ஒவ்வொரு பிள்ளையும் போன் பண்ணும்போது முதல் கேள்வி, "அம்மா, நா அனுப்புனதச் சாப்புடுறீங்களா?" என்பதுதான். எனக்குப் பொய் வராது. அதனால் எல்லாவற்றையும் தினமும் சாப்பிட்டுவிடுவேன், காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. ஒருவர் அனுப்பியது இன்னொருவருக்குத் தெரியாமலும் பார்த்துக்கொண்டேன். தெரிந்தால் யாருடையது உயர்ந்தது என்று போட்டி வரும். ஐந்து பேரை வளர்த்தவளுக்கு அது தெரியாதா? சின்ன மகனும் தங்கை மகனும் வரும்போது அலமாரிக் கண்ணாடியில் ஒரு துணியைத் தொங்கவிடுவேன். வெளியாட்கள் வந்து அந்த அலமாரியைப் பார்த்தால் மட்டும், இது துபாய், இது ஹெப்பாள் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவேன்.

இப்படி மூன்று வருடம் போனது. பிறகு கால் முன்னெலும்பில் ஒரு வலி வந்தது. உதடு வெடித்தது, தோல் உரிந்தது, முடி இன்னும் கொட்டியது. வயது ஆகிறது என்று விட்டுவிட்டேன். ஒருநாள் தண்ணீர் நிறைந்த குடத்தை மேடைமேல் தூக்கி வைத்தபோது, மணிக்கட்டில் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். நான் கீழே விழவும் இல்லை, எதன் மீதும் மோதவும் இல்லை. குடத்தைத்தான் தூக்கினேன்.

கட்டுப் போட்ட டாக்டர் அம்மாவுக்கு என் சின்ன மகன் வயதுதான் இருக்கும். கன்னடக்காரர். தமிழும் கொஞ்சம் பேசுவார். எல்லாம் விசாரித்தார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்றார். இல்லை என்றேன்.

"மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் கெடயாது தாயி. மருந்துன்னா என்னன்னே எனக்குத் தெரியாது" என்றேன். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் காது சூடாகிறது.

கை கூடியது. ஐந்து மாதம் கழித்து, தண்ணீர் டிரம்மின் விளிம்பில் சாய்ந்து அடியில் கிடந்த செம்பை எட்டி எடுத்தேன். விலாவில் இரண்டு எலும்பு விட்டுப்போனது. இந்தத் தடவை ஸ்கேன் எடுத்தார்கள். வயதுக்கு ஏற்ற தேய்மானத்தைவிட மிகவும் அதிகமாக எலும்பு மெலிந்திருக்கிறது, அடுத்தது இடுப்பு எலும்பு முறிந்தால் நடப்பதே கஷ்டம் என்று டாக்டர் அம்மா சொன்னார். சின்ன மகன் பக்கத்தில் இருந்தான். அவன் முகம் செத்துப்போனது.

அந்த வாரமே ஐந்து பேரும் போனில் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. சின்ன மகன் வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

"அம்மா, தனியா இருந்தது போதும். இந்த மாசக் கடைசில வீட்டக் காலி பண்றோம். ஓனர்ட்ட சொல்லியாச்சு."

"என்னக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்பீங்க."

"அப்ப கேக்காமலே வேணாம்னு தெரிஞ்சிருக்கு ஒனக்கு."

அவன் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன்மேல் தப்பில்லை. அவன் வீடு எட்டாவது மாடி. அவனும் மருமகளும் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார்கள். நாள் முழுக்கப் பூட்டிய கதவுக்குள்ளே நான். இங்கே நான் நடந்தே சர்ச்சுக்குப் போவேன், நடந்தே காய் வாங்குவேன், வாசல் சாவி என் இடுப்பில் தொங்கும். அந்தச் சாவி கை மாறினால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் எலும்பு ஒடிகிறதே, அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

மூட்டை கட்ட ஆரம்பித்தேன். ஒரு பகல் வேளை. விலா வலிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பழைய துண்டில் சுற்றினேன். அதுவரைக்கும் நான் அவற்றின் முன்பக்கத்துப் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன். மீன் படம், கண் படம், அப்படித்தான் அடையாளம். அன்றைக்குத்தான் பின்பக்கம் பார்த்தேன். எறும்பு ஊர்கிற மாதிரி இங்கிலீஷ்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஐந்து எழுத்து தெரியும். சலவைப் பகுதியில் ஒவ்வொரு படுக்கை விரிப்பின் மூலையிலும் வார்டு எழுத்து அழியாத மையில் இருக்கும். ஏ, பி, சி, டி, ஈ. ஈரத்துணி மலை மாதிரி வந்து விழும். ஒரு பார்வையில் பிரித்துப் போட வேண்டும். முப்பத்தோரு வருடம் அந்த எழுத்துக்களை என் கண் தானாகவே தேடிப் பழகியிருக்கிறது.

மீன் பாட்டிலின் பின்பக்கத்தில், பட்டியலின் மேலேயே, ஒரு வார்த்தைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ஏ நின்றது. சத்து மாத்திரைப் பாட்டிலை எடுத்தேன். அதே நீளத்தில் அதே வார்த்தை, பக்கத்தில் ஏ. கண் பாட்டிலிலும் ஏ. முடி பாட்டிலிலும் ஏ. நான்கையும் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சலவையில் நான்கு மூட்டை வந்து நான்கிலும் ஏ வார்டுத் துணியே இருந்தால், நாங்கள் பேசாமல் அடுக்கிவிட மாட்டோம். யாரோ எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம். போய்க் கேட்போம். கேட்காமல் அடுக்கினால் திட்டு எங்களுக்கு. இதையும் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்க வேண்டும்.

மறுநாள் நான்கு பாட்டிலையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் டாக்டர் அம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் சீட்டுக் கொடுக்கிற பெண், "இவத்து ஃபாலோ அப் மட்டும்தான் அஜ்ஜி, அடுத்த வாரம் பன்னி" என்று கன்னடமும் தமிழுமாகச் சொன்னாள், இன்றைக்கு நாள் குறித்துக் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான், அடுத்த வாரம் வாங்க என்று. நான் நகரவில்லை. மூன்று மணி நேரம் பெஞ்சில் இருந்தேன். கடைசி ஆளாகக் கூப்பிட்டார்கள்.

மேஜைமேல் நான்கையும் நிறுத்தி, நான்கிலும் ஏ எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

"தாயி, இது எல்லாத்துலயும் ஏ இருக்கு. இது என்னா?"

டாக்டர் அம்மா முதலில் சிரித்தார். "வைட்டமின் ஏ அம்மா. கண்ணுக்கு, தோலுக்கு நல்லது." ஒரு பாட்டிலைத் திருப்பிப் படித்தார். அடுத்ததைப் படித்தார். சிரிப்பு நின்றது.

"இதில எத சாப்பிடறீங்க?"

"எல்லாத்தையும்."

"எல்லாமா? தினமா?"

"மூணு வருசமா. ஒருநா விடல."

காகிதத்தில் ஏதோ எழுதிக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். ஈரல் சாப்பிடுவீர்களா என்றார். ஞாயிறும் புதனும் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நோடி, பாருங்க அம்மா, நா அன்னிக்கே கேட்டேன். மருந்து சாப்பிடறீங்களான்னு கேட்டேனா இல்லையா? ஒண்ணும் இல்லன்னீங்க!"

"நீங்க மருந்த இல்ல தாயி கேட்டீங்க? இது மருந்து இல்லியே. இது எம் புள்ளைங்க அனுப்புனது."

திட்டுவார் என்று நினைத்தேன். தலையில் கை வைத்துக்கொண்டு, "அய்யோ அம்மா" என்று மட்டும் சொன்னார்.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரப் பல நாள் ஆனது. ஏ சத்து ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சுண்ணாம்புச் சத்தும் எலும்பை விட்டு ரத்தத்தில் வந்து மிதந்தது. டாக்டர் அம்மா எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். எலும்பு கல் மாதிரி சும்மா கிடப்பதில்லையாம். உள்ளே ஒரு கூட்டம் பழைய எலும்பைக் கரைத்து எடுத்துக்கொண்டே இருக்கும், இன்னொரு கூட்டம் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக நடந்தால் எலும்பு உறுதியாக நிற்கும். ஏ சத்து அந்த அணுக்களுக்குள்ளே போய் உத்தரவு கொடுக்கிற ஒன்று. அளவாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கஷ்டம், கண்ணே போய்விடும். அளவுக்கு மேலே போனால் கரைக்கிற கூட்டத்துக்கு உத்தரவு கூடிவிடும், கட்டுகிற கூட்டம் ஓய்ந்துவிடும்.

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது.

"கண்டம் சீட்டு மாதிரி" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். சலவையில் நைந்துபோன விரிப்பைக் கழிப்பதற்குக் கண்டம் பண்ணுவது என்று பேர். கழிக்க வேண்டும் என்றால் மேலேயிருந்து சீட்டு வரும். சீட்டு வந்தால் ஒரு பக்கம் கிழிப்போம், மறுபக்கம் தையல்காரர் புதுசு தைப்பார். கிழிக்கிறவளுக்குக் கேள்வி கிடையாது, சீட்டுத்தான் அவளுக்குக் கட்டளை. ஒரே நாளில் நான்கு இடத்திலிருந்து கண்டம் சீட்டு வந்தால் பழசு தீர்ந்து, நல்ல விரிப்பையும் கிழித்துப் போட்டுவிடுவாள்.

டாக்டர் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கரெக்ட் அம்மா! அதேதான். தினமும் நாலு சீட்டு. ஞாயிறு, புதன் அஞ்சு."

"அப்ப முருங்கைக்கீர, பப்பாளி எல்லாம் விடணுமா? அதுவும் கண்ணுக்கு நல்லதுன்னு எங்க டீச்சர் மக சொல்லுவாளே."

"விடவேண்டாம். கீரையில இருக்கறது வெறும் காகிதம். ஒடம்பு தனக்கு வேணுங்கற அளவுக்குத்தான் அதுல சீட்டு எழுதிக்கும். ஈரலும் இந்த மாத்திரையும் கையெழுத்துப் போட்டே வருது."

வெளியே நின்றிருந்த நர்ஸைக் கூப்பிட்டு, "இந்த அம்மா சொன்னதக் கேளு" என்று மறுபடியும் என்னைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

ஆனால் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. வயதினால் தேய்ந்ததும் இதில் சேர்ந்திருக்கிறது, எல்லாம் ஏ சத்தின் வேலை என்று சொல்ல முடியாது, உங்கள் ஈரலில் சேர்ந்து கிடப்பது வெளியேறப் பல மாதம் ஆகும், நிறுத்தினால் தேறும் என்று நம்புகிறேன் என்றார். நான்கு பாட்டிலையும் நிறுத்தச் சொன்னார். ஆட்டு ஈரலையும்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் நானே சின்ன மகனிடம் சொல்லி ஐந்து பேரையும் போன் படத்தில் வரவைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் நான் பயந்தது நடந்தது.

"மீன் எண்ணெய்தான் ஓவர் பவர். அண்ணனுக்கு யார் சொன்னது அனுப்பச் சொல்லி?" என்றான் சின்ன மகன்.

"ஏய், நீ வாங்கிக் குடுத்த கண் மாத்திரை பெரிய அமுதமா?" என்றான் பெரியவன்.

தங்கை மகன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். "பெரிம்மா, நா ஒங்களுக்கு விசத்தையா கொண்டாந்தேன்?" என்றான்.

"வாய மூடுங்க எல்லாரும்" என்றேன். சின்ன வயதில் அதட்டுகிற குரலில் சொன்னேன். துபாய்க்காரன்கூட நேராக உட்கார்ந்தான். "எவன் குடுத்ததும் விசமில்ல. ஒவ்வொண்ணும் தனித்தனியா நல்லதுதான். யாரு என்ன அனுப்புறீங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம மறச்சது நான். டாக்டர் கேட்டப்ப மறச்சதும் நான். தப்பு என்னுது."

நர்ஸ் மகள் அழுதாள். "நா வார்டுல ஒவ்வொரு பேஷண்டையும் கேக்குறேன்மா. வேற என்ன எடுக்குறீங்கன்னு கேக்காம விடமாட்டேன். ஒங்கள ஒரு தடவ கேக்கல."

அழுகை முடிந்ததும் நான் வீட்டுப் பேச்சை எடுத்தேன். காலி பண்ணமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆறு மாதம் கொடுங்கள் என்றேன். அதற்குள் இன்னொரு எலும்பு விட்டால், இல்லை ரத்தப் பரிசோதனை சரியாக வராவிட்டால், சாவியை நானே கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றேன். சின்ன மகன் எழுந்து பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். பிறகு, "கொடத்தத் தூக்கக் கூடாது. பாத்ரூம்ல கம்பி வைப்பேன். ஒத்துக்கிறீங்களா?" என்றான். ஒத்துக்கொண்டேன். வீட்டுக்காரம்மாவிடம் அவனே போய்ப் பேசினான்.

அந்த ஆறு மாதம் நான் காலை எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும் பரீட்சை. மழை பெய்தால் வெளியே போகமாட்டேன். டாக்டர் அம்மா கொடுத்த பயிற்சியைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தினமும் செய்தேன். கால் வலி முதலில் குறைந்தது. பிறகு உதடு ஆறியது. தசராவுக்கு மைசூரே விளக்குப் போட்டு மின்னியபோது, என் தலையில் பூனை முடி மாதிரிப் புதிதாக முளைத்திருந்தது. பரிசோதனையில் சுண்ணாம்புச் சத்து சரியாகிவிட்டது, ஏ சத்து ஏறக்குறைய இறங்கிவிட்டது. ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் எலும்பு மேலே மெலியவில்லை, கொஞ்சம் தேறியும் இருக்கிறது என்றார். இளமையில் இருந்த எலும்பு திரும்பாது. அது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு வருடமாக ஒரு எலும்பும் விடவில்லை.

போன மாதம் அதே இரண்டு அறை வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் புதுப்பித்தோம். எப்போதும் பையன்கள் பெயரில்தான் எழுதுவோம். இந்தத் தடவை சின்ன மகன் என் பெயரில் எழுதச் சொல்லி, காகிதத்தை என் முன்னால் வைத்தான். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, ஒரு கோடு வளையாமல் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது எந்த டாக்டர் என்ன கேட்டாலும், பிள்ளைகள் கொடுத்தது, கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டம்மா கொடுத்தது என்று ஒன்றுவிடாமல் சொல்கிறேன். சர்ச்சில் மற்ற கிழவிகளையும் விடுவதில்லை, பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ என்று துரத்துகிறேன். படித்த பிள்ளைகளும், படம் பிடித்த மெஷினும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்தேன் என்று பெருமை எனக்கு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது வேறு: தெரியாது என்று தெரிந்த பிறகும் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராமல், என்ன கேட்பது என்றுகூடத் தெரியாமல் பஸ் ஏறிப் போனேனே, அந்த ஒரு பயணம்தான் என்னை இன்னும் என் காலில் நிற்க வைத்திருக்கிறது.

தங்கை மகனின் மகள்தான் இதை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறாள். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், தமிழைச் சர்ச்சில்தான் கற்றுக்கொண்டாள். கண்ணு, எழுதுனது போதும். மொதல்லருந்து ஒரு தடவ வாசி, கேப்போம். ஒங்கப்பன் ஈரல் கொண்டாந்ததயும் விடாம வாசி.